யாருக்குப் போட்ட ஊசி

டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

"இந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, ஒத்துக்காம என்ன ஆச்சு?"

கட்டிலில் கிடந்த அப்பா, "முகம் வீங்கிச்சாம்" என்றார். ஃபோனில் இருந்த அத்தை, "முகமா? மூச்சே நின்னுபோச்சு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்தாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பாட்டியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒத்துக்காதுன்னா ஒத்துக்காது. அதுல என்னம்மா கேள்வி வேண்டிக்கிடக்கு?" என்று டாக்டரையே மடக்கினாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த பேத்திக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் திருப்தியாக இல்லை. அவளுக்கு வயது இருபத்து நாலு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. யார் எப்போது எங்கே எப்படி விழுந்தார்கள் என்று ஜனங்கள் எழுதி அனுப்புகிற விண்ணப்பங்களை ஒன்றுக்கு இரண்டு முறை படித்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை கிடைப்பதற்கு முன்பே அவள் அப்படித்தான். மூன்று வயதில் தொடங்கிய 'ஏன்', இன்னும் நின்றபாடில்லை. வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி. என்றே பேர்.

"மூணு பேரும் மூணு மாதிரி சொல்றாங்க டாக்டர்" என்றாள்.

"அதான் நானும் பார்க்கிறேன்" என்றார் டாக்டர்.

விஷயம் சின்னதில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் இரும்புத் தகடு ஒன்று நழுவி அவருடைய இடது பாதத்தில் விழுந்தது. "சின்னக் காயம்தானே" என்று துணியைச் சுற்றிக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போனார் மகானுபாவர். காயம் மேலே ஆறி, உள்ளே எலும்பு வரைக்கும் சீழ் பிடித்துவிட்டது. மூன்று விதமான மருந்து ஏற்றிப் பார்த்தாயிற்று. எதற்கும் அசையவில்லை. அந்தக் கிருமிக்குச் சரியான மருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் அது அப்பாவுக்கு ஆகாத ரகம். அவருடைய சட்டைப்பையில் இருக்கிற அட்டையில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறது.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "தோல்ல ஒரு சொட்டு வெச்சுச் சோதனை பண்ணிப் பார்க்கலாம். ஆனா சின்ன வயசுல நிஜமாவே மூச்சு நின்னிருந்தா, அந்தச் சோதனையை நான் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில பண்ண மாட்டேன். பெரிய இடத்துக்கு அனுப்பணும். அங்க முறை வர மூணு வாரம் ஆகும். இந்தக் காலுக்கு மூணு வாரம் கிடையாது. திங்கட்கிழமைக்குள்ள மருந்து ஆரம்பிக்கலைன்னா, முழங்காலுக்குக் கீழ எடுக்கிறதைப் பத்திப் பேச வேண்டி வரும். அன்னைக்கு நடந்ததை யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"

அப்பா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறி நின்றே முப்பது வருஷம் பிழைத்த மனுஷன்.

"எழுதி வெச்சிருக்கேன்" என்றாள் பாட்டி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் நோட்டுல இருக்கு" என்றாள் அவள், கொஞ்சம் தயங்கி.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஆஸ்பத்திரியில் தங்கிக்கொள்ள, பேத்தியும் பாட்டியும் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டியின் அறையில் தையல் மெஷின் ஜன்னலோரமாக இருக்கும். அதன் இழுப்பறைக்குள் அளவு நாடா, நூல் சுற்றிய பாபின், உடைந்த சாக்பீஸ், எந்தச் சட்டைக்கும் சேராத பட்டன்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கனமான ஒரு நோட்டு. அட்டை உப்பி, பக்கங்கள் அலை அலையாக நெளிந்து கிடந்தன.

"இதுக்கு என்ன பாட்டி இப்படி ஆச்சு?"

"ஒரு மழையில கூரை ஒழுகி நனைஞ்சுடுச்சு. மாடியில விரிச்சு ஒரு வாரம் வெயில்ல காயப் போட்டேன்."

நோட்டைத் திறந்த பேத்தி அப்படியே வாயைப் பிளந்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், ஓரத்தில், நூல். ஊசியால் இரண்டு குத்து குத்தி, மேலே இறுக்கி முடிச்சுப் போட்ட நூல். பக்கம் பக்கமாக அப்படியே. பேர் என்று ஒன்றுகூட இல்லை.

"இது என்ன கூத்து?"

பாட்டிக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சீருடை தைக்கிற கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அங்கே எட்டு மெஷின். எந்தப் பள்ளிக்கூடத்து மூட்டை எது, எந்த ஆஸ்பத்திரி மூட்டை எது என்று சீட்டு ஒட்டினால் கிழிந்துவிடும், எழுதினால் அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு நிறத்தில் நூல் முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்தும் பாட்டி அதே வழியைப் பிடித்துக்கொண்டாள். துண்டு, போர்வை, தலையணை எல்லாவற்றிலும் ஒரு நிறம். அத்தைக்குச் சிவப்பு. அப்பாவுக்கு நீலம். தாத்தாவுக்குக் கறுப்பு. நாய்க்குப் பச்சை. பூனைக்கு மஞ்சள்.

"நாய்க்கும் பூனைக்குமா?"

"அதுங்களுக்கு மட்டும் துண்டு வேண்டாமா?"

"வேற என்னென்ன வளர்த்தே?"

"ஒரு ஆமை இருந்துச்சு. அதுக்கு நூல் கிடையாது. அது எதையும் தொலைக்காது, யாரோடும் சண்டைக்கும் போகாது. வீட்டுலேயே அது ஒண்ணுதான் நான் சொன்ன பேச்சு கேட்டுது."

பேத்திக்கு அப்பாவின் கால் ஒரு பக்கம் நெஞ்சை அழுத்தினாலும், கை பக்கங்களைப் புரட்டாமல் இருக்கவில்லை. சிவப்பு முடிச்சு வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது: 'முதல் பல் விழுந்தது. விழுங்கிவிட்டது.' மஞ்சள் வெளிறி வெள்ளையாகப் பார்த்தது: 'நாலு குட்டி. அலமாரிக்குள், என் நல்ல புடவையின் மேல்.' மறுபடி சிவப்பு: 'பூனைக்குட்டியைப் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டு விட்டார்.' எல்லாம் ஒரே வரிசை, ஒரே மை, ஒரே மரியாதை.

"அத்தைக்கு ரொம்பக் கொஞ்சமா இருக்கே. பூனைக்கு இருக்கிறதுல பாதிகூட இல்லையே?"

"உங்க அத்தை எழுதுற அளவுக்கு எதுவும் பண்ணலை. சமர்த்து. இதை அவகிட்ட சொல்லித் தொலைக்காதே, ஒரு மாசம் மூக்கால அழுவா."

"நாய்க்கு என்ன பேர்?"

"மேஸ்திரி. தையல் கூடத்து வாசல்ல குட்டியா வந்து நின்னான். வேலை செய்றவங்களை ஒவ்வொருத்தரா முறைச்சுப் பார்ப்பான். யாராவது எழுந்து வெளியில போனா கூடவே போய்க் கூட்டிட்டு வந்துடுவான். எங்க மேஸ்திரியே அப்படி வேலை வாங்கினது கிடையாது. உங்க அப்பன் பிறந்து ஆறாம் மாசம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். நான் கூடத்துக்குப் போனா, தொட்டிலுக்குக் கீழ படுத்துக்குவான். பக்கத்து வீட்டம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கிறதா பேரு. அவ கை வெச்சாக்கூட ஒரு உறுமல் உறுமிட்டுத்தான் விடுவான். அப்பன் நடக்கப் பழகினதே மேஸ்திரி முதுகைப் பிடிச்சுத்தான். நான் ஒரு நாளும் நடைவண்டி வாங்கலை. தூங்குறதும் ரெண்டும் ஒண்ணாத்தான். கட்டில் இருக்கும், மெத்தை இருக்கும், ரெண்டும் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும்."

பேச்சு வாக்கில் பாட்டியின் குரலே மாறிவிட்டிருந்தது. பேத்தி கேட்டுக்கொண்டே தேடினாள். கடைசியில் கிடைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் வரிசையாக மூன்று வரி.

'6. நல்ல காய்ச்சல். ஈரத்துணி.'

'7. காய்ச்சல் இறங்கவில்லை. சோறும் இறங்கவில்லை, தண்ணீர் மட்டும்.'

'8. கம்பவுண்டர் ஊசி. அரை மணியில் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தேன். இந்த ஊசி இனி வேண்டவே வேண்டாம்.'

பேத்தி சந்தோஷப்படப் போனவள், ஓரத்தைப் பார்த்தாள். மூன்று முடிச்சும் சாம்பல் நிறம். வேறு பக்கங்களில் தேடினாள். சாம்பல், சாம்பல், சாம்பல். சிவப்பு தெரிந்தது, மஞ்சள் தெரிந்தது, கறுப்பு தெரிந்தது. நீலமும் பச்சையும் வெயிலில் வெளுத்து, எது எது என்று சொல்ல முடியாதபடி ஒரே நிறமாகிவிட்டிருந்தன.

"பாட்டி, இது அப்பாவா மேஸ்திரியா?"

"அப்பன்தான். வேற யாரு?"

"நூல்ல தெரியலையே."

"எனக்குத் தெரியாதா?"

"கம்பவுண்டர் மேஸ்திரிக்கும் ஊசி போடுவாரா?"

"அந்தத் தெருவுக்கே அவர் ஒருத்தர்தான். குழந்தைக்கும் போடுவார், கன்னுக்குட்டிக்கும் போடுவார். ஊசியைக் கொதிக்க வெச்சுட்டுத்தான் போடுவார், குறை சொல்லக் கூடாது."

பேத்திக்கு அவளுடைய அலுவலக மூளை விழித்துக்கொண்டது. விண்ணப்பத்தைக் குடைவது போலக் குடைந்தாள். கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தது யாரை? இரண்டு பேரும் அங்கேதான் படுப்பார்கள். ஈரத்துணி யாருக்குப் போடுவாய்? இரண்டு பேருக்கும் போடுவேன். தண்ணீர் மட்டும் குடித்தது? உடம்பு சரியில்லையென்றால் இரண்டும் அப்படித்தான். "நாய்க்குன்னா 'நாய்'னாவது தனியா எழுதியிருக்கலாமே?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுல யாரையும் நாங்க பிரிச்சு எழுதலை" என்று பாட்டி வெடுக்கென்றாள். இப்படி ஒரு வளர்ப்பை வளர்த்துவிட்டு, இப்போது மகனையும் நாயையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது அந்த வீடு.

"அப்பாவுக்கே ஞாபகம் இல்லையா?"

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நான் சொன்னதுதான் அவனுக்கு ஞாபகம்."

அதுவும் உண்மைதான். பாட்டி சொல்லிச் சொல்லித்தான் அந்த ஊசிக் கதை குடும்பக் கதையாயிற்று. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நர்ஸை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தவள் அவள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "பையனுக்கு ஒரே ஒரு குறை. அந்த ஊசி மட்டும் ஆகாது" என்று சபை நடுவில் சொல்லி, அம்மா வீட்டுக்காரர்களை வேறு எதையோ நினைத்துப் பயப்பட வைத்தவள். அப்படிப்பட்டவள் பொய் சொல்வாளா? பேத்திக்கு அதில் சந்தேகமே இல்லை. ஞாபகம் தடம் மாறியிருக்குமோ என்பதுதான் சந்தேகம்.

"நூலோட நிறம் எங்கேயாவது கொஞ்சம் ஒட்டிட்டிருக்குமா பாட்டி? பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கலாமா?"

"எத்தனை கண்ணாடி வெச்சாலும் வெளுத்தது வெளுத்ததுதான்." பாட்டி நோட்டை வாங்கி, கட்டைவிரலால் அந்த முடிச்சைத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். "பழைய சட்டையைப் பிரிச்சிருக்கியா? வெளியில நைஞ்சு வெளுத்திருக்கும். தையலுக்குள்ள மடிஞ்ச இடம் மட்டும் அன்னைக்கு வாங்கினது போலவே இருக்கும்."

பேத்தி துள்ளி எழுந்துவிட்டாள். "முடிச்சுக்குள்ள!"

"ம்."

"அப்போ அவிழ்த்துப் பார்த்துடலாமே. ஏன் பாட்டி யோசிக்கிறே?"

"இரு. அவசரப்படாதே."

"அப்பா காலு பாட்டி!"

பாட்டி மெஷின் மேஜை விளக்கைப் போட்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். கூர்மையான ஊசி ஒன்றை எடுத்து முடிச்சின் இடுக்கில் விட்டு நெம்பினாள். ஆயிரக்கணக்கான தையலைப் பிரித்த கை அது, ஆனாலும் இரண்டு முறை ஊசி வழுக்கிற்று. மூன்றாவது முறை முடிச்சு தளர்ந்தது. உள்ளே மடிந்திருந்த இடத்தில், அரிசி மணியில் பாதிகூட இருக்காது, அவ்வளவே அளவில் நிறம் இருந்தது.

பச்சை.

"மேஸ்திரி!" என்று பேத்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை! நாய்க்குத்தான் ஒத்துக்கலை! நாப்பது வருஷமா ஒரு நாயோட வியாதியை அப்பா சட்டைப்பையில வெச்சுட்டுச் சுத்தியிருக்கார்!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. பாட்டியைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அத்தைக்கும் போட்டாள். அத்தை எடுத்த எடுப்பில், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டி மட்டும் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்தாள். "வயசானா எல்லாருக்கும் மாறிப் போகும் பாட்டி. இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்று சமாதானம் வேறு சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் நோட்டோடு போய் நின்றார்கள். டாக்டரம்மா இரண்டு நிமிஷம் முடிச்சைப் பார்த்தார், நான்கு நிமிஷம் மற்றப் பக்கங்களைப் பார்த்தார். ஆமைக்கு ஏன் நூல் இல்லை என்று அவரும் கேட்டார். பிறகு, "இது போதும். சோதனையை இங்கேயே பண்றேன். எதுக்கும் மாத்து மருந்தெல்லாம் பக்கத்துலயே தயாரா வெச்சுக்குவோம்" என்றார்.

முன்கைத் தோலில் ஒரு துளி வைத்தார்கள். கால் மணி நேரம். தோல் தடிக்கவில்லை. பிறகு மிகக் குறைந்த அளவில் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். "இப்ப அரை மணி நேரம். உதடு தடிக்குதா, அரிக்குதா, மூச்சு முட்டுதான்னு மட்டும் கவனிங்க" என்று சொல்லி, நர்ஸைக் கதவருகே உட்கார வைத்துவிட்டு, டாக்டர் எதிர் அறைக்குப் போனார். ராத்திரியெல்லாம் விழித்திருந்த அம்மாவைக் குளித்துவிட்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பாட்டி சுவரிலிருந்த கடிகாரத்துக்கும் மகன் முகத்துக்குமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல ஜோக் அடித்தார். "நாய்க்கு ஆகாததெல்லாம் எனக்கு ஆகாதுன்னு ஆக்கிட்டியேம்மா. நல்ல வேளை, மேஸ்திரிக்குக் கறி புடிக்கும். இல்லாட்டி என்னைப் பட்டினி போட்டிருப்பே."

பாட்டி சிரிக்கவில்லை.

"அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு, அப்பா மகளிடம் திரும்பினார். "நான் நம்பிட்டேன். ஒரு மாசம் தெருத் தெருவாப் போய், 'இது மேஸ்திரியோட மாமியார் வீடா'ன்னு கதவைத் தட்டிக் கேட்டிருக்கேன். ஒருத்தர் வீட்டுல உக்கார வெச்சு பிஸ்கட்டெல்லாம் குடுத்தாங்க."

பேத்தி சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினாள். கை சும்மா இருந்தால்தானே? வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசி பையில் இருந்தது. எட்டாம் தேதி முடிச்சை அவிழ்த்தாயிற்று, ஏழாம் தேதியும் பச்சைதானா என்று ஒரு சபலம். நெம்பினாள். முடிச்சு விட்டுக்கொடுத்தது.

நீலம்.

ஆறாம் தேதியை நெம்பினாள். அதுவும் நீலம். பேத்தி நெற்றியைச் சுருக்கினாள். அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் இடிக்கிறபோது வருகிற அதே சுருக்கம். பக்கத்தைப் பின்னால் புரட்டி, ஜூலை மாதத்துச் சாம்பல் முடிச்சு இரண்டைப் பார்த்தாள். 'வாசல் காவல். தபால்காரரை விடவில்லை' என்பது ஒன்று. அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"காய்ச்சல் அப்பாவுக்கு" என்றாள் மெதுவாக. "ஆறு, ஏழு ரெண்டு நாளும் அப்பாவுக்குத்தான். மேஸ்திரிக்கு ஒண்ணுமே இல்லையே? ஜூலையில நல்லாத்தானே இருந்திருக்கான்?"

விரலை எட்டாம் தேதி வரியில் வைத்தாள்.

"அப்போ எட்டாம் தேதி மேஸ்திரிக்கு எதுக்கு ஊசி? அவனுக்கு என்ன வியாதி பாட்டி?"

பாட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது. "முதல்ல இது முடியட்டும்" என்றாள்.

கேட்டிருக்கவே கூடாது என்று பேத்திக்குத் தோன்றியது, ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அப்பா நோட்டை வாங்கி அந்த மூன்று வரியையும் தாமே படித்தார். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை படித்துவிட்டு மகளிடம் திருப்பிக் கொடுத்தார். பதினொரு நிமிஷம் கழித்து டாக்டரம்மா வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. உங்களுக்கு நல்லாவே ஒத்துக்குது. முழு மருந்தையும் ஆரம்பிச்சுடலாம். கால் தப்பிச்சிடும்னு நம்பலாம்" என்று சிரித்தார். நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். மருந்து சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கத் தொடங்கியது. அவர்கள் போனதும் பாட்டி நாற்காலியைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு வியாதி ஒண்ணும் இல்லடா. உனக்குத்தான். ரெண்டு நாளா அனலாக் கொதிச்சே. மூணாம் நாள் கண்ணே திறக்கலை. கம்பவுண்டர் இந்த ஊசியை எடுத்துட்டு வந்தார். புது மருந்து, இப்பதான் வந்திருக்குன்னார். அடுத்த தெருவுல ஒரு குழந்தை முந்தின வாரம்தான் ஊசி போட்டதும் செத்துப் போயிருந்துச்சு. அது இந்த மருந்தா வேற மருந்தா, யாருக்குத் தெரியும்? உங்க அப்பா ஊர்ல இல்லை. போடலைன்னாலும் பிள்ளை போயிடுவான், போட்டாலும் போயிடுவானோன்னு பயம். மேஸ்திரி உன் பக்கத்துலதான் படுத்திருந்தான்."

அப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"'முதல்ல இவனுக்குப் போட்டுப் பாருங்க'ன்னேன்."

பேத்தி நோட்டை மூடினாள்.

"கம்பவுண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாய்க்குச் சேராதது பிள்ளைக்குச் சேரும், பிள்ளைக்குச் சேராதது நாய்க்குச் சேரும், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைம்மான்னார். நான் கேக்கலை. என் வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தானே சாப்பிடுது, ஒண்ணாத்தானே தூங்குதுன்னு பிடிவாதம் பிடிச்சேன். போட்டார். அரை மணி நேரத்துல முகம் வீங்கிச்சு. சாயங்காலம் போயிட்டான். உனக்கு ஊசி வேண்டாம்னு அவரைத் திருப்பி அனுப்பிட்டேன். காய்ச்சல் அஞ்சு நாள் கழிச்சுத் தானா இறங்கிச்சு." பாட்டி மூச்சு வாங்கினாள். "நீ கண்ணைத் திறந்ததும் முதல்ல கேட்டது அவனைத்தான். உன்கிட்ட என்னன்னு சொல்றது? கல்யாணம்னு சொன்னேன். பெரியவங்க யாராவது அந்த ஊசி ஏன் வேண்டாம்னு கேட்டா, என் பிள்ளைக்கு முகம் வீங்கிச்சுன்னு சொன்னேன். நாயை வெச்சுப் பார்த்தேன்னு வாயில வரலைடா. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். உன் முகம் வீங்கினது எனக்குக் கண்ணு முன்னாடி நிக்குது, சத்தியமா. நேத்து அந்தப் பச்சையைப் பார்க்கிற வரைக்கும் நின்னுச்சு."

அப்பாவுக்கு ஐம்பதை எட்டப் போகிற வயது. நரைத்த மீசை. அவர் முகம் கோணிக்கொண்டு போனதைப் பேத்தி அதுவரை பார்த்ததில்லை. கோபமா, அழுகையா என்று அவளுக்குப் புரியவில்லை. கையை உருவிக்கொள்வார் என்று நினைத்தாள். உருவவில்லை. குழாயில் மருந்து இறங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊசி போடும்போது யாரு பிடிச்சுக்கிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"திமிறினானா?"

"இல்லடா" என்றாள் பாட்டி. "மடியில தலையை வெச்சுக்கடான்னேன். வெச்சுக்கிட்டான். ஊசி இறங்குறப்போ என்னைப் பார்த்தான். நல்ல பிள்ளைன்னு சொன்னேன். வாலை ஆட்டினான்."